செலவில் சேராத காசு

அரசாங்கத்தைத் திட்டுவதற்கு யாராவது சம்பளம் தந்திருந்தால் நான் இந்நேரம் என் வீட்டுக் கடனைக் கட்டி முடித்திருப்பேன். பதினெட்டு வருடமாக வென்ட்வேர்த்வில் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு, எங்கள் சனத்துக்கு வங்கிகளிடம் வீட்டுக் கடன் எடுத்துக் கொடுக்கிற தரகு வேலை செய்கிறேன். ஒரு மேசை, மூன்று கதிரைகள், அடிக்கடி தாள் சிக்குகிற பிரின்டர், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் லைசன்ஸ். படியேறி வருகிறவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வட்டியையும் வரியையும் தலைநகர் கன்பராவில் இருக்கிறவர்களையும் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுவேன். "உங்கட கதையைக் கேட்டா கடன் எடுக்க வந்த சனம் கும்பிட்டுப் போட்டு ஓடப்போகுது" என்பாள் மனைவி. ஒன்றிரண்டு பேர் ஓடியும் இருக்கிறார்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் விதிகள் இருக்கத்தான் செய்தன. அவற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடன் படிவத்தில் 'மாதச் செலவு' என்று ஒரேயொரு கட்டம் இருந்தது. இத்தனை பேர் உள்ள குடும்பம் உயிரோடு இருக்கக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று வங்கிகள் ஒரு எண்ணை வைத்திருந்தன. அந்த எண்ணை எழுதினால் கொம்பியூட்டர் மறுகேள்வி கேட்காது. ஆகவே தரகர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதையே எழுதினோம். இருதய வைத்தியருக்கும் அதே எண், பேக்கரியில் மா குழைக்கிறவருக்கும் அதே எண். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து, குதிரை வண்டி பிடித்து, நானூறு பேருக்குச் சாப்பாடு போட்ட மனிதருக்கும் அதே எண்தான். அது பிழை என்று எனக்கு ஒருநாளும் படவில்லை. மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், பிழை என்றால் அவர்கள் சொல்வார்கள்தானே என்று இருந்துவிட்டேன்.

அவர்கள் சொல்லவில்லை. கண்காணிக்க வேண்டியவர்கள் வங்கிகளோடு சேர்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லா வண்டவாளமும் ஒரு பகிரங்க விசாரணையில் வெளியே வந்து, கோட்டுச் சூட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் தொலைக்காட்சியில் "ஞாபகம் இல்லை" என்று சொல்லத் தொடங்கிய பின்தான் அரசாங்கத்துக்கு ரோசம் வந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒரு கட்டம் இருந்த இடத்தில் பதினைந்து கட்டங்கள் முளைத்தன. சாப்பாடு, பெற்றோல், தொலைபேசி, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, காப்புறுதி, தலைமயிர் வெட்டுவது எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேட்டார்கள். நாய் பூனைக்குக்கூட ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். ஊரில் இருக்கிற தாய் தகப்பன், சகோதரங்களுக்கு ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே 'வேறு' என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும் இருந்தது.

இந்தப் புதிய படிவத்தோடுதான் ஒருத்திக்குக் கடன் எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஊர்ப் பக்கத்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. கணவன் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்குகிற வண்டி ஓட்டுகிறவர், கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் பேசாத மனிதர். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பென்டில் ஹில்லில் ஒரு அடுக்குமாடி வீட்டில் பதினொரு வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். நோய்க்காலம் முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம் அது. வட்டி தரையில் கிடந்தது. ஊரே வீடு வாங்கிக்கொண்டிருந்தது.

"சுவரில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் ஏஜென்டுக்கு ஈமெயில் போட வேண்டிக் கிடக்கு அண்ணை. எங்களுக்கெண்டு ஒரு வீடு வேணும்" என்றாள்.

நான் ஒவ்வொரு கட்டமாக வாசித்தேன். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். சாப்பாட்டுக்கு இவ்வளவு, ரெயிலுக்கு இவ்வளவு, கராத்தே வகுப்புக்கு இவ்வளவு. அவள் பொய் சொல்லவில்லை. மீன் வாங்குவதைக்கூட இறைச்சியிலிருந்து பிரித்துச் சொன்னாள். கடைசியில் திரையைப் பார்த்தபடியே, "வேற ஏதும்?" என்று கேட்டேன்.

"வேற என்ன அண்ணை, நாங்கள் எங்க வெளிய தெருவ போறம்" என்றாள்.

எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே இருக்கிற பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் ஊருக்குக் காசு அனுப்புகிற மேசை ஒன்று உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை அங்கே வரிசை நிற்கும். என் அக்காவுக்கு அனுப்ப நானும் நிற்பேன். அவளும் நிற்பாள், பல தடவை எனக்கு ஒரு ஆள் முன்னால். யாழ்ப்பாணத்தில் அவளுடைய அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு தரம் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அந்த வரிசையில் நின்றபடிதான் அதை எனக்குச் சொன்னாள். எவ்வளவு அனுப்புகிறாள் என்பதும் எனக்குத் தெரியும், மேசையில் இருக்கிற பெடியன் எப்போதும் சத்தமாகத்தான் எண்ணுவான்.

அவள் அதை மறைக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செலவு என்ன என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்கு அது ஞாபகத்திலேயே வராது. செலவு என்றால் வேண்டாம் என்றால் நிறுத்தக்கூடியது. கூடிப்போனால் மனைவி கணவனோடு சண்டை பிடிக்கக்கூடியது. ஊருக்கு அனுப்புவது அந்தக் கணக்கிலேயே சேராது. சம்பளம் வரும்போதே அந்தப் பங்கு வேறாகப் போய்விடும், மிச்சம்தான் எங்கள் சம்பளம் என்று நினைத்துக்கொள்வோம். நான் என் சொந்தக் கடனுக்கு எழுதிய படிவத்திலும் அக்காவின் காசு இல்லை. எங்கள் ஊர்க்காரர் நூறு பேரைக் கேட்டால் நூறு பேரும் இப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் நான் அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளியக் கூடாது. அவளுக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. அந்தக் காசையும் 'வேறு' என்ற கட்டத்தில் போட்டுக் கணக்குப் பார்த்தேன், கொம்பியூட்டர் முடியாது என்றது. அழித்துவிட்டுப் பார்த்தேன், மயிரிழையில் ஆகும் என்றது. அழித்தபடியே விட்டேன். அந்த மனிசி எதிரே இருந்து பிள்ளைகளுக்கு எந்த அறை என்று கணவனிடம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதவிதானே செய்கிறேன் என்று நினைத்தேன். கமிஷனையும் நினைத்தேன், இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

பென்டில் ஹில்லிலேயே ரெயில் பாதை ஓரமாக சிமெந்துத் தகட்டுச் சுவர் வைத்த ஒரு பழைய ஃபைப்ரோ வீடு வாங்கினார்கள். மூன்று வருடத்துக்கு ஏறாத வட்டி. "பேந்து ஏறாதோ அண்ணை?" என்று கணவன் கேட்டார். அவர் என்னிடம் சுயமாகக் கேட்ட ஒரே கேள்வி அது. "இப்போதைக்கு ஏறாது. பெரிய இடத்திலயே அப்பிடித்தான் கதைக்கினம்" என்றேன். பால் காய்ச்ச என்னையும் கூப்பிட்டார்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். வட்டி ஏறத் தொடங்கியது. ஒருமுறை ஏறி நின்றிருந்தால் பரவாயில்லை, செத்தவருக்கு மாதா மாதம் மாசியம் வைக்கிற மாதிரி ஏறியது. ஆறு மாதத்தில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் முகமே மாறிப்போயிற்று. அதே காலத்தில் ஊரில் நாடே வங்குரோத்தானது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. அங்கேயும் சட்டம் தெரிந்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், மேற்பார்வை செய்யச் சம்பளம் வாங்கியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணனின் இரத்தம் சுத்திகரிக்கிற சாமான்களைத் தனியாரிடம் வாங்க வேண்டி வந்தது. அவள் இரண்டு மடங்கு அனுப்பத் தொடங்கினாள். இரண்டு நாட்டு நிதியமைச்சர்களும் அந்த மனிசியின் ஒரு சம்பளத்துக்குள் வந்து குந்திக்கொண்டார்கள்.

மூன்று வருடம் முடிந்ததும் வங்கியின் கடிதத்தோடு படியேறி வந்தாள்.

"அண்ணை, இது பிழையா அடிபட்டு வந்திட்டுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். பிழை இல்லை. மாதம் கட்ட வேண்டிய தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. "யோசியாதையுங்கோ தங்கச்சி, வேற பாங்குக்கு மாத்திறன், அங்க வட்டி குறைவு" என்றேன். உண்மையிலேயே குறைவாகத் தர ஒரு வங்கி இருந்தது. அன்றே விண்ணப்பம் போட்டேன். அது முடியும்வரை பழைய வங்கிக்குப் புதிய தொகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சனி ஞாயிறுகளில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்கும் போனாள். ஒரு மாதம் தவறவில்லை.

இரண்டு வாரம் கழித்து மெல்பேர்ணிலிருந்து அந்தப் புதிய வங்கியின் மதிப்பீட்டாளர் கூப்பிட்டார். இளம் குரல், நல்ல மரியாதை. இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"அவர்களால் இந்தக் கடனைக் கட்ட முடியாது என்று வருகிறது."

"இதைவிடக் கூடின தொகையை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வங்கிக் கணக்குக் கூற்றுகளைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். ஆனால் எங்கள் வட்டிக்கு மேலே இன்னும் மூன்று வீதம் ஏறினாலும் கட்டுவார்களா என்று நாங்கள் சோதிக்க வேண்டும். அது கண்காணிப்பு அமைப்பின் விதி."

"அப்படியென்றால் கூடக் கட்ட வசதி இருக்கிறது, குறையக் கட்ட வசதி இல்லை என்கிறீர்கள்."

"அப்படியும் சொல்லலாம்" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான். நான் அந்தப் பிள்ளையை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தும் ஏசினேன். தூங்க வேண்டிய நேரத்தில் முழித்திருந்துவிட்டு, முழித்திருக்க வேண்டிய நேரத்தில் தூங்கிவிட்டு, இப்போது எங்கள் கழுத்தில் கால் வைக்கிறீர்கள் என்று சொன்னதாக ஞாபகம். கோபத்தில் வார்த்தை முன்பின்னாகப் போனது. கீழே புடவைக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார்.

பின்னாளில் இதை நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அந்த விதி மடத்தனமானது அல்ல. அவள் முதலில் கடன் எடுத்தபோதும் அதே மாதிரிச் சோதனை இருந்தது. 'வேறு' என்ற கட்டத்தில் அண்ணனின் காசு இருந்திருந்தால் அந்தச் சோதனை அவளைத் தடுத்திருக்கும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஆணி அடிக்க ஈமெயில் போட்டுக்கொண்டு, மனநிம்மதியோடு இருந்திருப்பாள். அவளைக் காப்பாற்றத்தான் அதை எழுதியிருந்தார்கள். கன்பராவில் எழுதுகிற எந்தச் சட்டமும் கடைசியில் வென்ட்வேர்த்வில்லில் ஒரு மேல்மாடியில், ஒரு தரகனின் விரலுக்குக் கீழேதான் வந்து நிற்கிறது. அன்று அந்த விரல் என்னுடையது.

அடுத்த குளிர்காலத்தில் கணவனின் வேலை நேரத்தை வெட்டினார்கள். இரண்டு தவணை பிந்தியது. வங்கி மூன்று மாதம் சலுகை கொடுத்து, அந்த மூன்று மாதத்தையும் கடனின் தலையிலேயே ஏற்றிவிட்டது. பிறகு, இந்தத் திகதிக்குள் கட்டாவிட்டால் வீட்டை எடுப்போம் என்று கடிதம் வந்தது. அவள் அழவில்லை. "பிள்ளையளுக்கு இன்னும் சொல்லேல்லை அண்ணை" என்று மட்டும் சொன்னாள்.

"அண்ணாவுக்கு அனுப்பிறதை ஒரு ஆறு மாசத்துக்குக் குறைச்சா என்ன?" என்று கேட்டேன். கேட்டபோதே வெட்கமாக இருந்தது.

"எந்தக் கிழமை மெஷினை நிப்பாட்டச் சொல்லுறது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டாள்.

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "இவங்களைச் சும்மா விடக்கூடாது தங்கச்சி" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து மூன்று பக்கத்துக்கு முறைப்பாடு எழுதினேன். வங்கிகளுக்கு எதிரான முறைப்பாடுகளை இலவசமாக விசாரிக்கிற ஒரு அமைப்பு இருக்கிறது. தாங்க முடியாத கடனைக் கொடுத்தது வங்கியின் குற்றம், செலவை ஒழுங்காக விசாரிக்காதது வங்கியின் குற்றம் என்று என் ஆங்கிலம் எல்லாவற்றையும் கொட்டினேன். எழுதியதை நானே இரண்டு தரம் வாசித்துச் சந்தோஷப்பட்டேன். அவள் கையெழுத்து வைத்தாள். விசாரணை முடியும் வரை வீட்டில் கைவைக்கக் கூடாது என்று வங்கிக்கு அவர்கள் எழுதினார்கள். அதுவும் விதிதான். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அரசாங்க விதியை வாயார வாழ்த்தினேன்.

ஒரு மாதத்தில் வங்கியின் பதில் வந்தது. அவள் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து தந்தாள். செலவு விபரங்களைக் கேட்டுப் பதிந்து உறுதிப்படுத்தியவர் தரகர் என்று எழுதி, படிவத்தின் பிரதியையும் இணைத்திருந்தார்கள். பதினைந்து கட்டங்கள், கடைசிக் கட்டம் வெறுமை, அதன் கீழே என் கையெழுத்து. வேலியில் போன ஓணானை எடுத்து மடிக்குள் விட்டுக்கொண்டது நான்தான். தரகரைப் பற்றி முறைப்பாட்டுக்காரரிடம் தொலைபேசியில் விசாரிக்கப் போகிறோம் என்று அந்த முறைப்பாட்டு அமைப்பிடமிருந்து இன்னொரு கடிதம் பின்னாலேயே வந்தது.

அதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். தரகருக்குத் தெரிந்திருந்தும் மறைத்தார் என்று வந்தால், அவர் வழியாகக் கடன் கொடுத்த வங்கியும் அதற்குப் பொறுப்பு, அந்தக் கடன் கொடுத்திருக்கக் கூடாத கடன் ஆகும். வட்டியைக் குறைக்கச் சொல்லலாம், அவளால் தாங்கக்கூடிய அளவுக்குக் கடனைத் திருத்தச் சொல்லலாம். வீடு தப்ப அந்த ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அந்த வழி என் லைசன்ஸை மிதித்துக்கொண்டுதான் போகும்.

நான் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் விடவில்லை. "தங்கச்சி, அவை என்னைப் பற்றித்தான் கேப்பினம். நடந்ததை அப்பிடியே சொல்லுங்கோ. எனக்குத் தெரியும், நான்தான் போடாமல் விட்டனான் எண்டு சொல்லுங்கோ. அப்பதான் உங்களுக்கு வீடு நிக்கும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என்ர லைசன்ஸ் போகும்தான், அது பரவாயில்லை" என்றும் சொன்னேன்.

எங்கள் ஆட்களுக்குள் 'பரவாயில்லை' என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி வேண்டாம், பரவாயில்லை என்றால் யாராவது கேத்திலை நிறுத்துவார்களா? நான் செய்த ஈனத்தனங்களிலேயே பெரியது அதுதான். படிவத்தில் அழித்தது அதற்கு அடுத்தது.

"சும்மா இருங்கோ அண்ணை" என்றாள்.

தொலைபேசி ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. வேலையில் இருந்து கதைக்க முடியாது, வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், உங்கள் அலுவலகத்தில் இருந்து கதைக்கிறேன் என்று முதலே கேட்டிருந்தாள். முதியோர் இல்லத்தின் நீலச் சட்டையோடு வந்தாள். ஆங்கிலம் விளங்காவிட்டால் கேட்கலாம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள். நான் எதிர்க் கதிரையில் இருந்தேன்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். அவசரப்படாத, அன்பான குரல். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார், இலவசம் என்றார். வேண்டாம் என்றாள். சுதந்திரமாகப் பேசக்கூடிய இடத்தில் இருக்கிறீர்களா, உங்களோடு வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஒருவரும் இல்லை. நான் தனியத்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வெளிநாட்டில் இருக்கிற குடும்பத்துக்குக் காசு அனுப்புவதைப் பற்றித் தரகர் கேட்டாரா?

"ஓம், கேட்டவர்."

நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"இல்லை எண்டு சொன்னனான்."

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்கு அது எங்கள் பாஷையில்தான் கேட்டது, இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறது.

நீங்கள் காசு அனுப்புவது தரகருக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்குமா?

"இல்லை. அவருக்கு எப்பிடித் தெரியும்?"

அதிகாரி உடனே அடுத்த கேள்விக்குப் போகவில்லை. "நீங்கள் நேரம் எடுத்து யோசித்துச் சொல்லலாம். உங்கள் வழக்குக்கு இது முக்கியமான கேள்வி. அவருக்குத் தெரிந்திருந்தால் முடிவு வேறு மாதிரி இருக்கலாம்" என்றார். தன் உத்தியோகத்தில் சொல்லக்கூடிய அளவுக்குச் சொல்லிவிட்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் அந்த மனுசி. அவளும் விளங்குகிறது என்றாள். மாற்றிச் சொல்லவில்லை.

நான் கையை நீட்டியிருந்தால் போன் கைக்கு எட்டியிருக்கும். "நான்தான் அந்தத் தரகர், எனக்குத் தெரியும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மெல்பேர்ணில் இருந்த அந்தப் பிள்ளையை ஏச எனக்கு இங்கிலீசுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. அரசாங்கம் வாய் திறக்கவில்லை, வங்கி வாய் திறக்கவில்லை, ஊரில் மேற்பார்வை செய்தவர்கள் வாய் திறக்கவில்லை என்று பதினெட்டு வருடம் கத்தியவன் நான். மேசையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கீழே தெருவில் ஒரு லொறி பின்னுக்கு எடுக்கிற சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன்.

கதைத்து முடிந்ததும் போனைக் கைப்பையில் வைத்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது தங்கச்சி" என்றேன். சொல்வதற்கு மிகவும் வசதியான நேரம் பார்த்துச் சொன்னேன்.

"ஒரு ஆளைக் காட்டிக் குடுத்துப் போட்டு அந்த வீட்டுக்க எப்பிடி அண்ணை படுக்கிறது" என்றாள். "எங்களுக்கெண்டு செய்து தந்தனீங்கள். எனக்கு அது தெரியாதோ? சரி, எனக்கு ரெயிலுக்கு நேரமாச்சு, போட்டு வாறன்."

அதிகாரியின் நேர் இலக்கம் என்னிடம் இருந்தது. அன்று பின்னேரம் கூப்பிட்டிருக்கலாம். அடுத்த நாள், அடுத்த கிழமை கூப்பிட்டிருக்கலாம். என் மகளின் பல்கலைக்கழகம், என் சொந்தக் கடன், ஊரில் அக்கா, என்னை நம்பி இருக்கிற மற்ற வாடிக்கையாளர்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் வந்தது. எல்லாம் உண்மையான காரணங்கள். மனைவியிடம் ஒருநாள் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, "அப்ப இனி ஆரையும் ஏசாதையுங்கோ" என்றாள். லைசன்ஸைப் புதுப்பிக்க வருடா வருடம் எங்களுக்குக் கட்டாய வகுப்பு உண்டு. போன தடவை தொழில் நேர்மை பற்றி ஒரு பாடம் வைத்தார்கள். எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதினேன்.

ஏழு கிழமை கழித்து முடிவு வந்தது. அந்த மாதிரிச் சட்ட ஆங்கிலம் அவளுக்குப் பயம், ஆகவே என்னிடம்தான் கொண்டுவந்தாள். அதே கதிரையில் இருந்தாள். நான் வாசித்தேன். தரகர் நியாயமான விசாரணைகளைச் செய்திருக்கிறார் என்றும், முறைப்பாட்டுக்காரரே தன் செலவுகளை வெளிப்படுத்தவில்லை என்றும், ஆகவே வங்கி மேலே நடவடிக்கை எடுக்கலாம் என்றும் எழுதியிருந்தது. கடைசிப் பக்கம் வரைக்கும் மெதுவாக வாசித்தேன். வாசித்து முடிக்க எனக்கு விருப்பமில்லை.

"என்னவாம் அண்ணை?"

"சரிவரேல்லையாம்" என்றேன். அவள் மறைத்தாள் என்று எழுதியிருந்ததை நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கடித உறையைத் தடவிக்கொண்டிருந்தாள். எப்போது வீட்டைவிட்டு எழும்ப வேண்டும் என்று கேட்டாள். வங்கி விற்பதற்கு முதல் நீங்களே விற்றால் கையில் கொஞ்சமாவது மிஞ்சும் என்றேன். தலையாட்டினாள். பள்ளிக்கூடம் மாறாமல் பக்கத்திலேயே வாடகைக்குப் பார்க்க வேண்டும், இனிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். பிறகு கடிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள். கதவடியில் நின்று திரும்பினாள். முகத்தில் உண்மையான கவலை.

"உங்களுக்கு இதால ஒரு கரைச்சலும் வராதுதானே அண்ணை?"

"வராது" என்றேன்.